மாலைக்கு ஒரு கடிதம்

ஏழாவது உறையைக் கிழித்தபோது, சிரிப்பதற்குத் தயாராக முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன்.

எதிரே, அறுப்புக்குப் போகாமல் கிடந்த படாக் மரக் கட்டைகளின் மேல் ஆலைக் குடியிருப்பான எங்கள் லைன் ஜனம் முழுவதும் உட்கார்ந்திருந்தது. ஆண்கள் ஆலை விட்டு வந்த கோலத்தில், முழங்கைவரை சிவப்பு மரத்தூளோடு. பெண்கள் குழாயடியில் குடங்களை வரிசையில் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். காதர் பாய் தன் டீக்கடையை அரைக்கதவு சாத்திவிட்டு ஓடி வந்து முன்னால் இடம் பிடித்திருந்தார்.

"சரோஜாம்மா, ஆரம்பிங்க. எல்லாரும் ஸ்டாண்ட்-டு ஆயாச்சு" என்றார்.

காகிதத்தைப் பிரித்தேன். ஒரு வரிகூட எனக்குப் படிக்கத் தெரியவில்லை. முழுவதும் இந்தி எழுத்து.

என் பக்கத்தில் மல்லிகா உட்கார்ந்திருந்தாள். கடிதம் அவளுக்கு வந்தது. அவள் கணவன் தணிகாசலம் பட்டாளத்தில் லான்ஸ் நாயக். கிழக்கே வங்காளத்துப் பக்கம் நடந்த சண்டையில் இருந்தான். அவன் இதுவரை எழுதிய கடிதம் அத்தனையும் தமிழ். அதனால்தான் என்னைப் போல ஒருத்தி தேவைப்பட்டாள்.

எதற்காக நான்

மல்லிகா எங்கள் ஆலை இருந்த தீவிலேயே பிறந்தவள். அவள் அப்பா சாத்தம் மர ஆலையில் கட்டை இழுக்கிற விஞ்ச் ஓட்டினார். திருச்சிப் பக்கத்துக்காரர். வீட்டில் பேச்சு தமிழ், பள்ளிக்கூடத்தில் படிப்பு இந்தி. தமிழ் எழுத்து அவளுக்குக் கோலம் மாதிரிதான் தெரியும். நானோ திருநெல்வேலியில் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டு, ஆலையின் ரம்பப் பட்டறையில் பல் தீட்டுகிற ஒருவருக்குக் கழுத்தை நீட்டிக் கப்பலேறி வந்தவள். எனக்குத் தமிழைத் தவிர ஒன்றும் தெரியாது. அதற்குள் பத்து வருஷம் அந்த மண்ணில் இருந்தும், தண்ணீர் வந்ததா என்பதற்கு "பானி ஆயா க்யா" என்று கேட்பதற்கு மேல் என் இந்தி வளரவில்லை.

ஆக, தமிழ்க் கடிதங்களை லைனில் நான்தான் படித்துக்கொடுப்பேன். வெறுமனே படிப்பதில்லை. மாமியார் பேசினால் மாமியார் குரல், பங்காளி பேசினால் பங்காளி குரல். யாராவது சிரித்தால் அந்த வரியை இன்னொரு தடவை படிப்பேன். எனக்கு நாலு பேர் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பது பிடிக்கும். இந்த வயதில் இதை ஒளித்து என்ன ஆகப்போகிறது? பிடிக்கும்.

தணிகாசலத்தின் கடிதங்கள் வர ஆரம்பித்ததும் என் கூட்டம் இரட்டிப்பானது.

பருப்பைத் தேடி ஒரு பேட்ரோல்

தணிகாசலம் வேலூர்ப் பக்கம். நேரில் பார்த்தால் நாலு வார்த்தை பேசமாட்டான். கல்யாணத்துக்கு வந்தபோது, மாப்பிள்ளை ஊமையா என்று என் வீட்டுக்காரரே கேட்டார். ஆனால் பேனாவை எடுத்தால் அவனுக்கு வேறு வாய் முளைத்துவிடும்.

பட்டாளத்துப் பாஷை ஒன்று உண்டு. பாதி இந்தி, பாதி இங்கிலீஷ், மீதி அவர்களாகச் செய்துகொண்டது. சமையல்கூடத்துக்கு லங்கர் என்று பெயர். முதுகு மூட்டை பிட்டு. தண்டனைக்கு ஓடவிட்டு உருளவிட்டு இடுப்பை ஒடிப்பது ரகடா. விருந்து படா கானா. ரோந்து போகிற கூட்டம் பேட்ரோல், முன்னால் போய் வேவு பார்ப்பது ரெக்கி. விடியும்போதும் இருட்டும்போதும் எதிரி வருவான் என்று எல்லோரும் துப்பாக்கியோடு பள்ளத்தில் விறைத்து நிற்பது ஸ்டாண்ட்-டு. இதையெல்லாம் அவன் எங்களுக்குக் கடிதத்திலேயே பாடம் நடத்தினான்.

"எங்கள் லங்கரில் பருப்பு ஊற்றுவார்கள். அதில் பருப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு பேட்ரோல் அனுப்ப வேண்டும். நேற்று அனுப்பினோம். பேட்ரோல் ஒரு பச்சைமிளகாயைக் கைது செய்துகொண்டு திரும்பியது."

"தப்பு செய்தவனுக்கு ரகடா. தப்பு செய்யாதவனுக்கும் ரகடா. ஏனென்று கேட்டேன். நீ நாளைக்குத் தப்பு செய்யும்போது நான் லீவில் இருப்பேன் என்கிறார் ஹவில்தார்."

இதை ஹவில்தார் குரலில் நான் படித்தபோது காதர் பாய் கட்டையிலிருந்து சரிந்தே விழுந்தார்.

ஒரு மாதத்துக்குள் லைன் முழுவதும் பட்டாளமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு படா கானா. மாலைக் குழாய்த் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்பது ஸ்டாண்ட்-டு. போன வாரம் இந்தப் பத்திரிகையில் நான் எழுதிய குழாயடிச் சண்டையில் மண்டை உடைந்தவளுக்குக் கட்டுப் போட்டபோதுகூட, "ஒரு கேஷுவல்டி" என்றுதான் சொன்னோம். என் வீட்டுக்காரர் காலையில் செம்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது "ரெக்கி போயிட்டு வாரேன்" என்பார். காதர் பாயின் கடையில் பால் தீர்ந்துவிட்டால் கறுப்பு டீக்கு எமர்ஜென்ஸி ரேஷன் என்று பெயர். விலை அதே விலை.

அவன் எங்களைப் பற்றியும் எழுதினான்.

"சிவிலியன் என்பவன் யார் என்று எங்கள் செக்‌ஷனில் ஒரு விவாதம். மணி பார்த்துச் சாப்பிடுகிறவன், மணி பார்த்துத் தூங்குகிறவன், சண்டையைப் பற்றி எங்களுக்கே விளக்கம் சொல்லுகிறவன். அப்படிப்பட்டவர்கள் சாத்தத்தில் எனக்கு முப்பது பேர் இருக்கிறார்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்."

எங்கள் போர்

ஒரு வாசகர் கேட்டு எழுதியிருக்கிறார்: போர்க்காலத்தில் தீவில் பயமாக இல்லையா என்று. பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயப்படுவதற்கு நேரம் குறைவாக இருந்தது.

சண்டை மூளுவதற்கு முன்பே, கடலில் எதிரிக் கப்பல் வரும், நீர்மூழ்கி வரும் என்றார்கள். சன்னலுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டச் சொன்னார்கள். காகிதம் கிடைக்காதவர்கள் சாக்கு கட்டினார்கள். வீட்டு முன்னால் பதுங்குபள்ளம் தோண்டும்படி உத்தரவு. எங்கள் ஆட்கள் மூன்று நாள் தோண்டினார்கள். நாலாம் நாள் அதில் தண்ணீர் ஊறிவிட்டது. முதலில் பதுங்கியவை தவளைகள்.

இந்தச் செய்தியை மல்லிகா சொல்லச் சொல்ல நான்தான் தணிகாசலத்துக்கு எழுதினேன். பதில் வந்தது. "உங்கள் முன்னணித் தவளைகளுக்கு என் சல்யூட். எங்கள் பள்ளத்திலும் தண்ணீர்தான். ஆனால் இங்கே தவளைகள் வெளியே இருக்கின்றன, நாங்கள் உள்ளே இருக்கிறோம்."

எல்லோரும் சிரித்தோம். நவம்பர்க் குளிரில் ஒருவன் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறான் என்பது எங்கள் யாருக்கும் அப்போது உறைக்கவில்லை. மல்லிகா மட்டும் வீட்டுக்குப் போகும்போது, "அக்கா, அவுங்களுக்கு ஜல்தி சளி புடிக்கும்" என்றாள்.

காதர் பாயின் வாப்பா ஒருவர் இருந்தார். கடைக்குள் மூலையில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பார். ஜப்பான்காரன் தீவைப் பிடித்திருந்த காலத்தில் கிழங்கையும் இலையையும் தின்று பிழைத்த மனிதர். எங்கள் ஸ்டாண்ட்-டு, ரெக்கியெல்லாம் காதில் விழுந்தால் எழுந்து உள்ளே போய்விடுவார். ஒரு தடவை நான் கேட்டேன், ஏன் வாப்பா உங்களுக்குச் சிரிப்பே வரல்லியா என்று. "எனக்கு அந்த வார்த்தையெல்லாம் வேற மாதிரி கேக்குதும்மா" என்றார். வயதானவர் என்று விட்டுவிட்டேன்.

கடித ரேஷன்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மெயின்லேண்டில் இருப்பவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும்.

கப்பல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும். மூன்று வாரமும் ஆகும். வந்தால் அத்தனை நாள் கடிதமும், அத்தனை நாள் செய்தித்தாளும் ஒரே மூட்டையாக வந்து இறங்கும். ஒரே நாளில் படித்துத் தீர்த்துவிட்டால் மறுநாளிலிருந்து அடுத்த கப்பல்வரை மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆகவே நாங்கள் ரேஷன் வைத்திருந்தோம்.

காதர் பாய் கடையில் பதினைந்து நாள் பழைய பேப்பர் வந்தால், தேதி வரிசைப்படி அடுக்கித் தினம் ஒன்றாகத்தான் கொக்கியில் மாட்டுவார். நாளைய பேப்பரை இன்றைக்கு எட்டிப் பார்த்தவனுக்கு ஒரு நாள் டீ கிடையாது. வாரப் பத்திரிகையில் தொடர்கதை வந்தால், நான்கு இதழும் கையில் இருந்தாலும் வாரம் ஒன்றுதான் பிரிப்பேன். இந்தப் பத்திரிகைக்கு இப்படியும் ஒரு வாசகி இருந்தாள் என்பது ஆசிரியருக்குத் தெரியட்டும்.

கடிதத்துக்கும் அதே சட்டம். முத்திரைத் தேதி பார்த்து அடுக்குவது. மாலைக்கு ஒன்று. அடுத்தது என்ன என்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டு படுப்பதில் ஒரு சுகம் இருந்தது. அவசரமான சேதி என்றால் தந்தியில் வந்துவிடும், கடிதத்தில் வருவது எதுவும் ஏற்கெனவே ஆறிப்போனதுதான் என்பது எங்கள் கணக்கு. அந்தக் கணக்கு அதுவரை ஒருமுறைகூடப் பிசகியதில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. புருஷன் பெண்டாட்டிக்கு எழுதும்போது ஊர் கேட்கக்கூடாத வரி நாலு இருக்கும். தன் கடிதத்தைக் கூட்டத்துக்கு நடுவில் படிக்கிறார்கள் என்று தெரிந்ததும் தணிகாசலம் ஓர் ஏற்பாடு செய்தான். அந்த மாதிரி வரிகளுக்கு ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுவான். கோடு போட்ட வரி வந்தால் நான் மூச்சுவிடாமல் அடுத்த வரிக்குத் தாவிவிடுவேன். பிறகு அடுப்படியில் வைத்து மல்லிகாவுக்கு மட்டும் மெதுவாகப் படிப்பேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்பாள். இத்தனை நாளிலும் நான் தாவியதை ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. ஒருவேளை காதர் பாய் கண்டுபிடித்திருக்கலாம். அவர் காது கூர்மை.

ஏழு உறைகள்

சண்டை மூண்டதும் கப்பல் நின்றுவிட்டது. கடிதம் இல்லை, பேப்பர் இல்லை, வெங்காயம் இல்லை. ரேடியோ மட்டும் இருந்தது. ஒரு நாள் மாலை ரேடியோவில் ஜெயித்துவிட்டோம் என்றார்கள். ஆலைச் சங்கை ஐந்து நிமிஷம் ஊதினார்கள். புரோத்ராபூரிலிருந்து காய்கறி கொண்டு வந்த வண்டிக்காரர் கூடை முருங்கைக்காயைச் சும்மா கொடுத்துவிட்டுப் போனார். சன்னல் காகிதங்களைக் கிழித்துக் கொளுத்தினோம்.

அதற்குப் பிறகு வந்த முதல் கப்பலில் மல்லிகாவுக்கு ஏழு உறைகள் இருந்தன.

என் வீட்டுத் தரையில் பரப்பி, முத்திரை பார்த்து அடுக்கினேன். ஆறு உறைகளில் தணிகாசலத்தின் குண்டுகுண்டான இங்கிலீஷ் எழுத்து. ஏழாவதில் வேறு எழுத்து, ஒல்லியாக, சாய்ந்து. முத்திரையும் கல்கத்தா.

மல்லிகா அதைத்தான் கையில் எடுத்தாள். "அக்கா, இது யாரு ரைட்டிங்? அவுங்களது இல்லியே."

"கூட இருக்கவன் எவனாவது அட்ரஸ் எழுதிக் குடுத்திருப்பான்ட்டி."

"இத முதல்ல பாத்துரலாமா?"

"சும்மா இரு. வரிசை கெட்டா கதையே கெட்டுப்போகும். சண்டதான் முடிஞ்சிட்டே, இனி என்ன அவசரம்?"

அவள் இன்னும் கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்திருந்தாள். அப்புறம் கொடுத்துவிட்டாள். அவளுக்கு அப்போது இருபது வயது. எனக்கு முப்பது. அதுவும் என் வார்த்தை லைனில் செல்லுபடியாகிற காலம். ஏழையும் பிஸ்கட் டின்னில் போட்டு மூடினேன்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த ஒல்லி எழுத்து எனக்கும் என்னவோ செய்தது. ஆனால் ஆறு கடிதம் கையில் இருக்கிறது, ஜனம் ஒரு மாதமாகச் சிரிக்காமல் கிடக்கிறது, நாளை மாலை கட்டைகளின் மேல் எள் போட இடமிருக்காது என்ற நினைப்புதான் பெரிதாக இருந்தது.

முதல் மாலை, இரண்டாம் மாலை, மூன்றாம் மாலை. மாயாபந்தரிலிருந்து மரம் கொண்டு வந்த படகுக்காரர்கள்கூட நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். டிசம்பர் கடைசியில் எங்கள் ஊரில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். நாலரைக்கு ஆரம்பித்து, எழுத்து தெரிகிறவரை படிப்பேன்.

ஐந்தாம் நாள் பகலில் கப்பல் கல்கத்தாவுக்குத் திரும்பியது. கப்பல் புறப்பட்டால் ஜெட்டிக்குப் போய்க் கையசைப்பது தீவு வழக்கம். தெரிந்தவர் யாரும் போகாவிட்டாலும் அசைப்போம். நானும் மல்லிகாவும் போனோம். அவள் நெற்றியில் கைவைத்துப் பட்டாளத்துச் சல்யூட் ஒன்று அடித்தாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"அக்கா, அவுங்களுக்கு லீவ் கெடச்சா இந்தக் கப்பல்லதானே வருவாங்க?"

"பின்ன, நீந்தியா வருவான்?"

ஆறாம் மாலைக் கடிதம்தான் எல்லாவற்றிலும் உச்சம். ஒரு பசுமாடு இருட்டில் அவர்கள் காவலைத் தாண்டி வந்துவிட, அதனிடம் அடையாள வார்த்தை கேட்டு நின்ற சிப்பாயின் கதை. மாட்டின் குரலையும் நானே போட்டேன். மல்லிகாவின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

ஏழாம் மாலை

இந்தி எழுத்தைப் பார்த்து நான் விழித்துக்கொண்டிருந்ததில் கூட்டம் சலசலத்தது. "சரோஜாம்மா இன்னிக்கு ஊமை ஆக்டிங்" என்றார் காதர் பாய். இரண்டு பேர் சிரித்தார்கள்.

மல்லிகா என் கையிலிருந்து காகிதத்தை வாங்கினாள். அவளுக்கு வந்த கடிதங்களில் அவளே படித்த முதல் கடிதம் அதுதான். உதடு அசையாமல் படித்தாள். ஒரு பக்கம்தான். படித்து முடித்து மறுபடி மேலிருந்து படித்தாள்.

அவள் அப்பாதான் கேட்டார், "என்னம்மா?"

"கால் போயிடுச்சாம்ப்பா." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "முட்டிக்குக் கீழ. கல்கத்தாவுல மிலிட்டரி ஆஸ்பத்திரில இருக்காங்களாம். பக்கத்துக் கட்டில்காரரு எழுதியிருக்காரு. அவுங்க எழுத வேணாம்னாங்களாம், இவரா எழுதுறாராம்."

காதர் பாய் எழுந்து நின்றார்.

"இந்த லெட்டர் வர்ற கப்பல் திரும்பும்போது அதுலயே வந்துருங்க பாபிஜின்னு எழுதியிருக்காரு. ராத்திரில தூங்கறதே இல்லியாம். பகல்ல எல்லாரையும் சிரிக்க வச்சிட்டு, லைட்டு அணைச்சதும் மூஞ்சிய மூடிக்கிறாங்களாம்."

அப்புறம் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். "கப்பல் முந்தாநாள் போச்சுல்ல அக்கா" என்றாள். அவ்வளவுதான்.

கட்டைகளிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். நான் பிஸ்கட் டின்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

பட்டாளத்துத் தந்தி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். போயிருக்கிறது, வேலூர்ப் பக்கத்துச் சொந்த ஊர் விலாசத்துக்கு. அங்கே இருந்த அண்ணன், பெண்டாட்டிக்குத் தனியாகத் தந்தி போயிருக்கும் என்று நினைத்துவிட்டார். விமானம் எங்களைப் போன்றவர்களுக்கு அண்ணாந்து பார்க்கிற வஸ்து. அடுத்த கப்பலில் வருகிறாள் என்று காதர் பாய் ஓடிப்போய் ஆஸ்பத்திரிக்குத் தந்தி அடித்தார். அதற்குள் தணிகாசலத்தை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். அது அவன் கைக்குப் போய்ச் சேரவே இல்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

பத்தொன்பது நாட்கள்

அடுத்த கப்பல் பத்தொன்பது நாள் கழித்து வந்தது. அந்தப் பத்தொன்பது நாளும் மல்லிகா விடிந்ததும் ஆலையை ஊரோடு சேர்க்கிற பாலத்தின் மேல் போய் நின்று கடலைப் பார்த்துவிட்டு வருவாள். லைனில் ஒருவரும் ஸ்டாண்ட்-டு என்று சொல்லவில்லை. குழாயடியில் வெறுமனே வரிசை என்றோம். காதர் பாயின் வாப்பா மட்டும் ஒரு நாள் கடை வாசலுக்கு வந்து, மல்லிகாவுக்கு ஒரு டம்ளர் டீயைத் தன் கையாலேயே கொடுத்தார்.

நான் அவள் வீட்டுக்குப் போய் ஒருநாள் அழுதேன். "நாந்தாம்ட்டி தடுத்தேன்" என்றேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "நானும்தான் சிரிச்சேன் அக்கா" என்றாள். மன்னித்தாளா இல்லையா என்று அதிலிருந்து எனக்குத் தெரியவில்லை.

கப்பல் வந்தது. அதில் தணிகாசலம் தன் கைப்பட எழுதிய மூன்று கடிதங்கள் வந்தன. தபாலாபீசிலிருந்து அவை லைனுக்கு வந்து சேர்ந்தபோது மல்லிகாவும் அவள் அப்பாவும் பெட்டி படுக்கையோடு ஜெட்டிக்குக் கிளம்பிப் போயிருந்தார்கள். நான் உறைகளை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஏறுகிற வரிசையில் நின்றிருந்தாள். மூன்றையும் நீட்டினேன்.

"படிங்க அக்கா. மூணையும் இப்பவே."

படித்தேன். தலைமாஸ்டர் அறிவிப்பு வாசிப்பது மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தேன். அவள் கையை நீட்டிக் காகிதத்தை மறைத்தாள்.

"இப்டி இல்ல. எப்பவும் படிக்கிற மாதிரி படிங்க. அவுங்க குரல்ல படிங்க. ஹவில்தார் வந்தா ஹவில்தார் குரல்ல."

முன்னாலும் பின்னாலும் மூட்டை முடிச்சோடு ஜனம். வங்காளிக் குடும்பம் ஒன்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் குரலைச் சரிசெய்துகொண்டேன்.

"இனிமேல் எனக்கு ஒரு பூட்ஸ் போதும் என்று ஸ்டோர்க்காரரிடம் சொல்லி அனுப்பினேன். சர்க்கார் ரூல்படி ஜோடியாகத்தான் தர முடியும், வேண்டாத பூட்ஸைத் திருப்பித் தருவதற்கு வேறு படிவம் இருக்கிறது என்கிறார். படிவத்தில் காரணம் என்று ஓர் இடம் இருக்கிறது. கால் காணவில்லை என்று எழுதியிருக்கிறேன். தேடுவதற்கு ஒரு பேட்ரோல் அனுப்புவார்கள்."

மல்லிகா சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள். கண்ணிலிருந்து வழிந்ததை அவள் துடைக்கவில்லை.

மூன்றாவது கடிதம் இப்படி முடிந்தது: "சாத்தத்து முப்பது பேருக்கும் சொல். இனி நானும் மணி பார்த்துச் சாப்பிடுகிறவன்தான். சண்டையைப் பற்றி அவர்கள் எனக்கு விளக்கம் சொன்னால் கேட்டுக்கொள்வேன்."

மூன்று கடிதத்திலும், கப்பல் வந்ததே, நீ வரவில்லையே என்று ஒரு வார்த்தை இல்லை. பென்சில் கோடு போட்ட வரிகளிலும் இல்லை. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

கல்கத்தாவிலிருந்து

இரண்டு மாதம் கழித்து மல்லிகா எனக்கு எழுதினாள். இந்தியில்தான். காதர் பாய் உள்ளூரிலேயே பிறந்து படித்தவர், இந்தி தெரியும். அவர் கடை பெஞ்சில் நான் உட்கார, அவர் நின்றுகொண்டு தமிழாக்கிப் படித்தார். கட்டைகளிலிருந்த கூட்டம் பாதி அங்கே வந்துவிட்டது. எனக்கு வந்த கடிதத்தை இன்னொருவர் வாயைப் பார்த்துக் கேட்பது எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாலைக்கு ஒரு கடிதம் என்கிற கதையை மல்லிகா அவனிடம் சொல்லிவிட்டாளாம். டின், ரேஷன், மாடு, எல்லாவற்றையும். அவன் கட்டில் அதிரச் சிரித்தானாம். "எங்கள் சென்சார் ஆபீசர் பத்து நாள்தான் கடிதத்தை நிறுத்துவார். சாத்தம் சென்சார் அவரைவிடக் கண்டிப்பு" என்றானாம். வார்டில் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தானாம்.

பாய் அதை அவன் குரலிலேயே படித்தார். கடை அதிர்ந்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். இரண்டு மாதம் தூக்கிச் சுமந்ததை அந்த பெஞ்சிலேயே இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

தணிகாசலம் வேலூர்ப் பக்கம் ஒரு கடை வைத்தான். இரண்டு பெண்கள். பொங்கலுக்கு அவன் எழுதுவான். சிரிக்காமல் படிக்க முடியாது.

அதற்குப் பல வருஷம் கழித்து, என் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். அவள் இந்திப் பாடப் புத்தகத்தை அவளோடு சேர்ந்து நானும் படித்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்கு வந்தது. நாங்கள் தீவைவிட்டுக் கிளம்பியபோது, பெட்டி கட்டுகையில் பிஸ்கட் டின் அகப்பட்டது. மல்லிகாவின் கடிதத்தை எடுத்தேன். வேலையை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து விரல் வைத்துப் படித்தேன்.

சென்சார் ஆபீசர் வரிக்குக் கீழே இன்னும் நாலு வரி இருந்தது. காதர் பாய் அதைப் படிக்கவில்லை. என்னைவிட நன்றாகத் தாவியிருந்தார்.

"அந்தக் கப்பல் கல்கத்தா திரும்பிய தேதி அவருக்குத் தெரியும். அன்றிலிருந்து வார்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தாராம். ஒற்றைக் காலோடு வேண்டாம் என்று நான் விட்டுவிட்டேன் என்றே முடிவு செய்துவிட்டாராம். இதை அக்காவுக்கு எழுதாதே என்கிறார். நான் எழுதுகிறேன்."

காகிதத்தை வெளிச்சத்துக்கு எடுத்துப்போய் ஓரத்தைப் பார்த்தேன். பென்சில் கோடு எதுவும் இல்லை.